தேநீர் அறையைவிடக் குளிர்ந்துபோனது எப்படி? இயற்பியல் வகுப்பில் மாதிரிகளும் சிமுலேஷன்களும்

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், பள்ளிக்கு மைதானம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கதவைத் திறந்தால் மூடுபனி வகுப்பறைக்குள் வந்து உட்காரும். அப்படிப்பட்ட நாட்களில் அரசுப் பள்ளிகளின் ஹைடெக் ஆய்வகங்களில் மாணவர்கள் கணினித் திரைக்கு முன்னால் இயற்பியல் படிக்கிறார்கள். பந்து எறிகிறார்கள், மின்சுற்று கட்டுகிறார்கள், ஊசலை ஆட்டிவிடுகிறார்கள். எல்லாம் திரையிலேயே நடக்கிறது.

இதைக் கேள்விப்படும் பெற்றோரிடம் இரண்டு விதமான பேச்சு உண்டு. "கம்ப்யூட்டரிலேயே எல்லாம் வந்துவிட்டது, இனி ஆய்வகம் எதற்கு?" என்பது ஒன்று. "பொம்மைப் படம் காட்டிப் பொழுதை ஓட்டுகிறார்கள்" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: திரையில் ஓடுவது படம் என்று இரு தரப்பும் நம்புகிறது. சிமுலேஷன் என்பது படமாக வேடமிட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டும் வகுப்பில் மாணவர் இயற்பியல் கற்கிறார். பிரிக்காமல் ஓட்டிவிடும் வகுப்பில் வேடிக்கை பார்க்கிறார். எந்த மென்பொருள், எத்தனை கணினி என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் மூன்று சொற்கள்

1. அனிமேஷன். வரைந்தவர் நினைத்தபடி நகரும் படம். கல் கீழே விழுவதும் மேலே போவதும் அவர் விருப்பம். உள்ளே இயற்பியல் விதி எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

2. மாதிரி. நம் பள்ளிகளில் இந்தச் சொல்லைக் கேட்டதும் அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் செய்த எரிமலைதான் நினைவுக்கு வரும். இயற்பியலில் இதன் பொருள் வேறு. இயற்கையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, இப்போதைக்கு வேண்டாதவற்றை ஒதுக்கி, எஞ்சியதை விதிகளாகவும் எண்களாகவும் எழுதி வைப்பதே மாதிரி. கணக்குகளில் "காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்" என்று ஒரு வரி வரும் அல்லவா? மாதிரி பிறப்பது அந்த வரியில்தான். மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் வரியும் அதுவே.

3. சிமுலேஷன். உருவகப்படுத்துதல், பாவனை, ஒப்புருவாக்கம் என்று தமிழில் பல சொற்கள் புழங்குகின்றன. ஆசிரியர்கள் பேச்சில் சிமுலேஷன் என்றே வழங்குவதால் இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம். மாதிரியைக் கணினியிடம் கொடுத்து, நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் என்ன ஆகும் என்று கணக்கிட வைப்பது இது.

அனிமேஷனையும் சிமுலேஷனையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். நிறையைக் கூட்டினால், கோணத்தைக் குறைத்தால், உராய்வை எடுத்துவிட்டால் நடப்பது மாறுகிறதா? மாறினால் உள்ளே ஒரு விதி வேலை செய்கிறது. எண்ணை மாற்றவே வழியில்லை என்றால் அது வெறும் படம்.

புத்தகம் 100 என்கிறது, உதகை 93 என்கிறது

மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு மாதிரி என்றால் என்ன என்று விளக்க வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியை உள்ளே பிடித்தால் போதும்.

"கொதிக்கிறது சார். ஆனால் 93-ஐத் தாண்டவே இல்லை."

"வெப்பமானி கெட்டுப்போயிருக்குமோ?"

"இரண்டு வெப்பமானியிலும் அப்படியேதான் சார் காட்டுகிறது."

இந்த உரையாடல் எந்த மலைப் பள்ளியிலும் நடக்கக்கூடியது, நடக்க வேண்டியது. "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்" என்பது ஒரு மாதிரி. கடல்மட்டக் காற்றழுத்தம் என்ற நிபந்தனை அதற்குள் மறைந்திருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து படிப்பவருக்கு அந்த நிபந்தனை கண்ணில் படுவதற்கே வாய்ப்பில்லை. உதகையில் வீட்டு அடுப்பிலேயே அது தெரியும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்த யாரும் இதைச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீர் 93-ஐத் தாண்டாது. சூடு குறைவாக இருப்பதால் வேகும் வேகமும் குறைகிறது. குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை மேலே ஏற்றிவிடுகிறது.

அடுத்த மாதிரி: உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, அதனால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாணவர்கள் ஊர் ஊராகக் கணிக்கலாம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஆகவே 99. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஆகவே 94-க்குச் சற்றுக் கீழே. உதகை 92.5. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர், ஆகவே 91-ஐ ஒட்டி. கணித்துவிட்டு அளந்து பார்க்கலாம். அரை டிகிரி முன்னே பின்னே வந்தால் வெப்பமானியின் பிழையா, அன்றைய காற்றழுத்தமா என்று விவாதிக்கலாம். கணினியே இல்லாமல் ஒரு வகுப்பு மாதிரி கட்டுதல், கணித்தல், சோதித்தல் ஆகிய மூன்றையும் செய்து முடித்துவிடுகிறது.

ஒரு டம்ளர் தேநீரும் ஒரு சிமுலேஷனின் உட்புறமும்

இப்போது சிமுலேஷனைத் திறந்து பார்ப்போம். அறையின் வெப்பநிலை 15 டிகிரி. மேசைமேல் ஒரு டம்ளர் தேநீர், 85 டிகிரி. 15 நிமிடம் கழித்து அது எவ்வளவு சூடாக இருக்கும்?

நியூட்டனின் குளிர்வு விதி சொல்வது இது: பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாகப் பொருள் ஆறும். நம் டம்ளரில் அந்த வித்தியாசம் நிமிடத்துக்கு 4 சதவீதம் என்ற வேகத்தில் குறைகிறது என்று கொள்வோம். எவர்சில்வர் டம்ளரா, பீங்கான் கோப்பையா என்பதைப் பொறுத்து இந்த 4 மாறும். நேரத்தை 5 நிமிடத் துண்டுகளாக வெட்டினால் கணக்கு இப்படிப் போகும்:

1. தொடக்கத்தில் வித்தியாசம் 85-லிருந்து 15 போக 70. ஐந்து நிமிடத்துக்கு 20 சதவீதம், அதாவது 14 டிகிரி இறங்கும். தேநீர் இப்போது 71.

2. வித்தியாசம் 56. அதில் 20 சதவீதம் 11.2. தேநீர் 59.8.

3. வித்தியாசம் 44.8. அதில் 20 சதவீதம் ஏறக்குறைய 9. தேநீர் 50.8.

சிமுலேஷன் என்பது இவ்வளவுதான். திரையில் தேநீரின் சிவப்பு மங்குவதும், ஆவி குறைவதும், வரைபடம் வளைந்து இறங்குவதும் இந்த மூன்று வரிகளின்மேல் பூசிய வண்ணம். இப்படித் துண்டு துண்டாக முன்னேறும் வழிக்கு 18-ஆம் நூற்றாண்டின் சுவிஸ் கணித மேதை ஆய்லரின் பெயர் வைத்திருக்கிறார்கள். வானிலைக் கணிப்பும் ராக்கெட்டின் பாதையும் இதன் மேம்பட்ட வடிவங்களால் கணக்கிடப்படுபவைதாம்.

இனி, அதே தேநீரை 1 நிமிடத் துண்டுகளாக வெட்டிக் கணக்கிட்டால் 15 நிமிட முடிவில் 52.9 வருகிறது. நுண்கணிதத்தின் துல்லியமான விடை 53.4. தேநீர் மாறவில்லை, விதி மாறவில்லை, துண்டின் நீளம் மட்டும்தான் மாறியது. துண்டு சிறிதாகச் சிறிதாக விடை உண்மையான விடையை நெருங்குகிறது.

துண்டைப் பெரிதாக்கினால்? 30 நிமிடத்தை ஒரே துண்டாக எடுத்துக்கொள்வோம். நான்கை முப்பதால் பெருக்கினால் 120 சதவீதம். 70-இல் 120 சதவீதம் 84. எண்பத்தைந்தில் 84 போனால் மிச்சம் 1. பதினைந்து டிகிரி அறையில் இருந்த தேநீர் 1 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டது! 50 நிமிடத் துண்டு என்றால் விடை உறைநிலைக்குக் கீழே 55 டிகிரி. குன்னூர் மேசைமேல் அண்டார்டிகா.

கணினி கூட்டல் கழித்தலில் தவறவில்லை. முதல் நொடியில் தேநீர் ஆறிய வேகத்திலேயே முப்பது நிமிடமும் ஆறும் என்று நாம்தான் அதனிடம் சொல்லியிருக்கிறோம். உண்மையில் தேநீர் ஆற ஆற வேகமும் குறைந்துகொண்டே வரும். இந்தத் தவறை ஒரு மாணவி தன் நோட்டில் தானே கணக்கிட்டுக் கண்டுபிடித்துவிட்டால், அதன்பிறகு எந்தத் திரையையும் அவள் கண்மூடி நம்பமாட்டாள். ஒன்பதாம் வகுப்புச் சதவீதக் கணக்குக்கு மேல் இதற்கு எதுவும் தேவையில்லை. ஹைடெக் ஆய்வகத்துக்குப் போகும் முன் இந்த ஒரு பாடவேளையை ஒதுக்காமல் நேரே திரையைத் திறப்பது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

இதன் பிறகு உண்மையான தேநீரை வைத்து அளந்து பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கும். டம்ளரின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினால் அளவுகள் கணக்கோடு ஓரளவு ஒட்டிவரும். திறந்து வைத்தால் முதல் சில நிமிடங்களில் கணக்கைவிட வேகமாக ஆறும். ஆவியாகிப் போகும் நீர் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் மாதிரியில் ஆவியாதலுக்கு இடமே கொடுக்கவில்லை. முதலில் கண்ட தவறு கணக்கிடும் முறையில். இது மாதிரியிலேயே இருக்கும் விடுபாடு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது சிமுலேஷன் வழிக் கல்வியின் நடுநாயகமான திறன்.

மலை ரயில் கேட்கும் கேள்வி

விடுபாடு எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றும் என்பதற்கு மேட்டுப்பாளையம்–உதகை ரயிலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட பட்டை ஓடும். இன்ஜினின் பற்சக்கரம் அந்தப் பற்களில் மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளி ஏற்றும். மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 அடி தூரத்துக்கு 1 அடி ஏற்றம்.

இயற்பியல் சிமுலேஷன்களில் பரவலான ஒன்று சாய்தளம். ஒரு கட்டையைச் சரிவில் வைத்து, சரிவைக் கூட்டிக்கொண்டே போனால் எப்போது வழுக்கும் என்று பார்ப்பது. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் உராய்வுக் கெழு (எடையில் எத்தனை பங்கு பிடிமானமாகக் கிடைக்கும் என்ற எண்) 0.2 என்று கொடுத்தால், கட்டை சுமார் 11 டிகிரியில்தான் வழுக்கத் தொடங்கும். மலை ரயிலின் சரிவோ 5 டிகிரிக்கும் குறைவு. அப்படியென்றால் பல் தண்டவாளமே தேவையில்லை என்று திரை சொல்கிறது.

நூறாண்டுக்கு மேலாக ஓடும் ரயில் தவறா, திரை தவறா? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு ஆசிரியர் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: கட்டையின் முழு எடையும் தளத்தைப் பிடித்துக்கொள்கிறது, ரயிலில் இன்ஜினின் சக்கரம் மட்டும்தான் பிடிக்கிறது, பெட்டிகளின் சக்கரங்கள் சும்மா உருள்கின்றன.

கணக்குக்காக இன்ஜின் 50 டன், பெட்டிகள் 70 டன் என்று கொள்வோம். மொத்தம் 120 டன்னை 12-க்கு 1 ஏற்றத்தில் தள்ள, 10 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். இன்ஜினின் 50 டன்னில் 0.2 பங்கு, சரியாக 10 டன். காய்ந்த தண்டவாளத்திலேயே விளிம்பில் நிற்கிறது. மூடுபனியும் உதிர்ந்த இலையும் படிந்து கெழு 0.1 ஆனால் கையில் இருப்பது 5 டன் மட்டும். சக்கரம் சுற்றும், ரயில் நகராது. பல் தண்டவாளம் ஏன் என்று இப்போது புரிகிறது. சாய்தளச் சிமுலேஷன் பொய் சொல்லவில்லை. அது ஒரு கட்டையின் கதையைச் சொன்னது. நாம் அதை ரயிலின் கதை என்று எடுத்துக்கொண்டோம்.

விஞ்ஞானிகள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்

சிமுலேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கான எளிய வழி என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. உதகையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்கிறது. இக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற மின்னூட்டம் கொண்ட துகள்கள் உண்டாகித் தரைக்கு வருகின்றன. 560 சதுர மீட்டர் பரப்புள்ள அங்குள்ள தொலைநோக்கி நிமிடத்துக்குச் சுமார் 25 லட்சம் மியூவான்களை எண்ணுகிறது.

2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகம் மேலே கடந்தபோது, மியூவான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்தது. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் மியூவான்களின் ஆற்றலைக் கூட்டிக் குறைத்திருக்கிறது. எவ்வளவு மின்னழுத்தம்? மேகத்துக்குள் வோல்ட்மீட்டரை வைக்க முடியாது. ஆகவே கணினியில் ஒரு மேகத்தைக் கட்டினார்கள். அதற்கு ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, எத்தனை மியூவான்கள் குறையும் என்று கணக்கிட்டார்கள். பிறகு வேறொரு மின்னழுத்தம், பிறகு இன்னொன்று. எந்த அளவில் திரையின் குறைவும் தரையில் அளந்த குறைவும் பொருந்தியதோ, அதுவே விடை: ஏறத்தாழ 130 கோடி வோல்ட். அதற்கு முன் பலூன்களை அனுப்பி அளந்த உச்ச அளவைப் போலப் பத்து மடங்கு. 2019-இல் வெளியான இந்த முடிவு உலகமெங்கும் பேசப்பட்டது.

அளவீடு மட்டும் இருந்திருந்தால் "2 சதவீதம் குறைந்தது" என்பதோடு நின்றிருக்கும். சிமுலேஷன் மட்டும் இருந்திருந்தால் எந்த எண்ணை நம்புவது என்று தெரிந்திருக்காது. பள்ளி வகுப்பிலும் இந்த இணைப்புதான் வேண்டும்.

அருகிலேயே முத்தோரையில் 1970-இல் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, வடக்கு நோக்கி ஏறும் ஒரு மலைச்சரிவில் கிடக்கிறது. சரிவு சுமார் 11 டிகிரி. உதகையின் அட்சரேகையும் ஏறத்தாழ அதுவே. இது ஏன் என்று புரியவைக்க ஒரு பூகோள உருண்டையும் ஓர் ஈர்க்குச்சியும் போதும். நீலகிரி இருக்கும் இடத்தில் குச்சியைத் தென்வடலாகப் படுக்கவைத்து, வட முனையை 11 டிகிரி தூக்கினால், குச்சி பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அதனால் தொலைநோக்கியை அந்த ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மேசைமேல் கையால் திருப்பும் இந்த மாதிரியைவிடத் தெளிவாக எந்தக் கணினிப் படமும் இதைச் சொல்லிவிடாது.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வைமன், 2002-இல் ஃபெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் இலவச இயற்பியல் சிமுலேஷன்கள் இவை. பலவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே இயக்கலாம் என்பது, மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துபோகும் மலைக் கிராமங்களுக்கு முக்கியமான செய்தி.

இந்தக் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு பலரையும் வியக்கவைத்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் உண்மையான கம்பி, பல்பு, பேட்டரியோடு மின்சுற்றுகளைப் பயின்றனர். மற்றவர்கள் திரையில் பயின்றனர். கருத்துச் சார்ந்த கேள்விகளில் திரையில் பயின்றவர்கள் முந்தினார்கள். உண்மையான கம்பிகளைக் கொடுத்துச் சுற்றைக் கட்டி விளக்கச் சொன்னபோதும் அவர்களே நன்றாகச் செய்தார்கள். மின்னோட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாதது. திரை அதைத் தெரியவைத்தது. கம்பியின் நிறம், தளர்ந்த இணைப்பு போன்ற தொல்லைகளும் குறுக்கே வரவில்லை.

இதிலிருந்து ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று யாரேனும் முடிவுகட்டினால் அது தவறு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைப்பதில் சிமுலேஷன் வலிமையானது என்பதே அந்த ஆய்வு தரும் செய்தி. வெப்பம் எப்படிப் பரவுகிறது, மின்புலம் எப்படி இருக்கிறது, வாயு மூலக்கூறுகள் எப்படி அலைகின்றன என்பவை இந்த வகை. கண்ணெதிரே நடப்பதை, கையில் பிடிக்கக்கூடியதைத் திரையில் மட்டும் காட்டுவதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதரவும் இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரின் குழு 2004-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டும் சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கற்றுவிடவில்லை. "என்ன நடக்கும்?" என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். திரைக்கும் இது பொருந்தும்.

வகுப்பில் எந்த வரிசை?

1. கணிப்பு முதலில். பொத்தானைத் தொடும் முன் ஒவ்வொருவரும் விடையை நோட்டில் எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது. வாயால் சொன்னதைப் பிறகு எளிதாக மாற்றிக்கொள்ளலாம். எழுதியது அங்கேயே நிற்கும்.

2. ஒரு நேரத்தில் ஒரு எண். நிறை, கோணம், உராய்வு மூன்றையும் ஒன்றாக நகர்த்தி விளையாடினால் எதனால் எது மாறியது என்று யாருக்கும் தெரியாது.

3. "இதில் எதை விட்டுவிட்டார்கள்?" என்ற பட்டியல். காற்றுத் தடை, ஆவியாதல், பேட்டரியின் உள்தடை, எலெக்ட்ரானை நீலப் பந்தாக வரைந்தது என்று மாணவர்களே பட்டியலிட வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். எலெக்ட்ரான் உண்மையிலேயே நீலப் பந்து என்று நம்பிக்கொண்டு வெளியே போகும் மாணவர் இருக்கவே செய்கிறார்.

4. உண்மையான அளவு ஒன்றோடு ஒப்பீடு. ஒரே ஒரு எண்ணாக இருந்தாலும் சரி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய தமிழக அரசின் அறிவியல் திட்டமான வானவில் மன்றத்தின் எளிய சோதனைகள் இதற்கு உதவும். மேல் வகுப்புகளில், காற்றழுத்தம் அளக்கும் உணரி கொண்ட கைபேசி ஒன்று இருந்தால் உதகையிலிருந்து தொட்டபெட்டாவுக்குப் போய்வரலாம். அந்த 400 மீட்டர் ஏற்றத்தில் அழுத்தம் ஏறத்தாழ 36 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைய வேண்டும் என்று மாதிரி சொல்கிறது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இதைப் பதிவுசெய்துவிடும்.

பழனி மலைத்தொடரில் இருக்கும் பள்ளிகளுக்கு வேறொரு சொத்து இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சூரியனை ஒரு கெட்டியான பந்தாக நினைத்துத் திரையில் சுழற்றினால் எல்லாக் கரும்புள்ளிகளும் ஒரே நேரத்தில் சுற்றிவரும். உண்மைப் படங்களில் சூரியனின் நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள புள்ளிகள் சீக்கிரமாகவும், வடக்கிலும் தெற்கிலும் தள்ளி இருப்பவை தாமதமாகவும் சுற்றுகின்றன. கெட்டிப் பந்து என்ற மாதிரி உடைந்து, சூரியன் ஒரு வாயுக் கோளம் என்பது படங்களை நாள்வாரியாக அடுக்கும்போதே புலப்படும்.

திரைக்கு விட்டுவிடக் கூடாதவை

தளர்ந்த இணைப்பைத் தேடிப் பிடிப்பது, அளவியில் கண்ணை நேராக வைத்துப் படிப்பது, ஐந்து முறை அளந்தால் ஐந்தும் வேறாக வருவதைப் பார்த்துத் திகைப்பது: இவற்றை எந்தச் சிமுலேஷனும் கற்றுத் தராது. திரையில் ஊசலின் அலைவு நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணாக வரும். கையில் பிடித்த நிறுத்துக் கடிகாரத்தில் அப்படி வராது. பிழை என்பது ஒழுங்கீனம் என்று நினைத்து எண்களைத் திருத்தி எழுதும் பழக்கம் செய்முறை நோட்டுகளில் ஏற்கெனவே உண்டு. திரையை மட்டும் நம்பினால் அது இன்னும் வேரூன்றும்.

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனி இதற்கு நல்ல களம். உயரே போகப் போக 1 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் குளிர் கூடும் என்பது புத்தகத்து மாதிரி. அதைச் சிமுலேஷனில் போட்டால் மேடு குளிராகவும் பள்ளம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஆனால் உறைபனி விழும் காலையில் தலைகுந்தாவின் புல்வெளியும் காந்தலின் தாழ்வான பகுதிகளும்தான் வெள்ளையாகக் கிடக்கும். அதைவிட உயரமான சரிவில் இருக்கும் தேயிலை தப்பித்திருக்கும். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழக்கிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. புத்தக மாதிரியில் இந்த இரண்டும் இல்லை.

ஒரு பள்ளி செய்ய வேண்டியது எளிது. மூன்று வெப்பமானிகள்: பள்ளத்துப் புல்மேல் ஒன்று, அதே இடத்தில் ஆள் உயரத்தில் ஒன்று, மேட்டுச் சரிவில் ஒன்று. மாலையில் ஒவ்வொரு மாணவரும் மறுநாள் காலையில் எது எவ்வளவு காட்டும் என்று நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். விடிவதற்குச் சற்று முன், ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு ஆசிரியரோடு வந்து, மூன்றையும் டார்ச் வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.